உருது பேசும் பிள்ளைகளின் மனநலத்தை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மனநலக் கணக்கெடுப்புகளுக்கு அனுமதி தரும் கல்வித்துறை அலுவலர்களுக்கும், அவற்றை நடத்தும் உளவியல், சமூகப்பணித் துறைப் பேராசிரியர்களுக்கும், ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் உருது பேசும் வளரிளம் பருவத்தினரிடம் வினாத்தாளைக் கொடுக்கிறீர்கள். வந்த மதிப்பெண்ணைத் தமிழ்வழி மாணவர்களின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, "உருதுவழி மாணவர்களின் உளநலன் குறைவு" என்று பள்ளிக்கு அறிக்கை அனுப்புகிறீர்கள். அடுத்த கல்வியாண்டிலும் இதே தாள், இதே முறை என்று முடிவாகியிருப்பதாகத் தலைமையாசிரியர்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த முடிவை எங்களால் பேசாமல் ஏற்க முடியவில்லை. இந்தப் பள்ளிகளில் பாடம் எடுப்பவர்களும், பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்பவர்களும், அளவுகோல்களை மொழிமாற்றிச் சரிபார்க்கும் வேலை தெரிந்தவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

அளக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அளந்தே ஆக வேண்டும். ஆனால் இப்போது உங்கள் கைக்கு வரும் எண்ணில் எவ்வளவு பிள்ளையின் மனநிலை, எவ்வளவு தாளின் கோளாறு என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வினாத்தாள் மூன்று வழிகளில் இந்தப் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. தமிழ்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பாசிரியர் அங்கேயே உருதுவில் சொல்லிக்கொண்டே போவது ஒரு வழி. பாகிஸ்தானில் தயாரான உருது வடிவத்தை இணையத்திலிருந்து இறக்கி ஜெராக்ஸ் எடுப்பது இன்னொன்று. ஆங்கிலக் கூற்றுகளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே அச்சடிப்பது மூன்றாவது.

முதல் வழியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவில் ஓர் ஆசிரியர் ஒரு விதமாகச் சொல்கிறார். 'ஆ' பிரிவில் இன்னொருவர் வேறு விதமாகச் சொல்லி, புரிவதற்காக ஓர் உதாரணமும் சேர்க்கிறார். இரண்டு பிரிவுகளுக்கும் வேறு வேறு கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. இரு வகுப்புகளின் சராசரியில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இரு ஆசிரியர்களின் வாய்மொழி வித்தியாசம். அதோடு, பிள்ளைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களை அளக்க ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. வினாத்தாளில் பொய் சொல்வது, பிறர் பொருளை எடுப்பது பற்றிய கூற்றுகள் இருக்கின்றன. தன் வகுப்பாசிரியரே எதிரில் நின்று அதை உரக்கப் படிக்கும்போது 13 வயதுப் பிள்ளை உண்மையை எழுதுமா? அந்த வினாத்தாளுக்குத் தமிழிலும் உருதுவிலும் அங்கீகரிக்கப்பட்ட வடிவங்கள் உண்டு. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேறு மொழிபெயர்ப்புச் செய்யவோ சொற்களை மாற்றவோ கூடாது என்பதும் அதன் பயன்பாட்டு நிபந்தனை. வகுப்பில் வாய்மொழியாக மாற்றிச் சொல்வது அந்த நிபந்தனையையும் மீறுகிறது.

இரண்டாவது வழிதான் நம்பகமானதுபோலத் தெரிகிறது, அதனாலேயே அதிகம் பேசவேண்டியிருக்கிறது. பாகிஸ்தானில் உளவியல் அளவுகோல்களை உருதுவுக்குக் கொண்டுவரும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இஸ்லாமாபாத்தின் காயிதே ஆஸம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய உளவியல் நிறுவனம் இதில் முன்னோடி. கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழகத்தில் உருவான பதற்றம், மனச்சோர்வுக்கான 25 கூற்று அளவுகோல் நோயாளிகள் தங்கள் வாயால் சொன்ன முறையீடுகளிலிருந்தே கட்டப்பட்டது. 1991இல் வெளிவந்த பிராட்ஃபோர்டு உடல்குறிகள் பட்டியல் இங்கிலாந்திலும் பாகிஸ்தானிலும் உருது, ஆங்கிலம் இரண்டிலும் சேர்த்தே உருவாக்கப்பட்டது. இவை பெரியவர்களுக்கான, நோய்க்குறிகளுக்கான அளவுகோல்கள் என்றாலும், வேலையைச் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல முன்மாதிரிகள். அந்த உழைப்பின்மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் அந்த வடிவங்கள் யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை? பாகிஸ்தானில் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7.08 விழுக்காடு, 2023இல் 9.25 விழுக்காடு. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டில் பஞ்சாபி, பஷ்தூ அல்லது சிந்தி. உருது என்பது பள்ளியில் படித்து எழுதிப் பழகிய மொழி. நம் பாலாற்றங்கரை ஊர்களில் நிலைமை தலைகீழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் சுமார் 1.75 விழுக்காட்டினர் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். இங்கே உருது வீட்டு மொழி, தெரு மொழி. அதுவும் தக்கனி உருது, அதாவது தென்னாட்டுப் பேச்சு வழக்கு. 'எனக்கு' என்று பொருள்படும் 'முஜே' என்பதற்கு 'மேரேகு' என்றும், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்றும் சொல்லி வளரும் பிள்ளை, தாளில் இருக்கும் ஏட்டு உருதுவைப் பாடப்புத்தக மொழியாகத்தான் பார்க்கிறது. உருது பேசும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் படிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு உருது எழுதப்படும் நஸ்தலீக் எழுத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. உருது பேசுகிறவர் எல்லாரும் உருது படிக்கிறவர் அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இதே ஊர்களில் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைய. பெயரைப் பார்த்து உருதுத் தாளை நீட்டுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

தமிழ்த் தாளைக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, துறையின் சொந்த அனுபவமே பதில். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. வகுப்பு வகுப்பாக ஏறி 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அப்போது மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்காக நீதிமன்றம் வரை போய் விலக்குப் பெற வேண்டியிருந்தது. பொதுத்தேர்வில் தமிழ் எழுதுவதே கடினம் என்று விலக்குப் பெற்ற பிள்ளைகளிடம், தங்கள் உள்மனதைப் பற்றிய நுணுக்கமான கூற்றுகளைத் தமிழில் படித்து ஆறு கட்டங்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமா?

இனி தாளுக்குள் வருவோம். உருது இலக்கணத்தில் தன்மை வினைக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. 'மைன் குஷ் ரஹ்தா ஹூன்' என்பது பையன் சொல்வது, 'மைன் குஷ் ரஹ்தீ ஹூன்' என்பது பெண் சொல்வது. தமிழில் 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்பது இருவருக்கும் பொது என்பதால், தமிழிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. செயலியில் போட்டு எடுக்கும் தாள்களில் பெரும்பாலும் ஆண்பால் வடிவமே வந்து விழுகிறது. பெண்கள் பள்ளியில் அந்தத் தாளைக் கொடுத்தால் பிள்ளைகள் செய்வது இரண்டில் ஒன்று: 'இது யாரோ ஒரு பையனைப் பற்றிய கேள்வி' என்று எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது ஒவ்வொரு வரியிலும் மனதுக்குள் 'தா'வைத் 'தீ'யாக மாற்றிப் படித்துக் களைத்துப்போகிறார்கள். 'ரஹ்தா/ரஹ்தீ' என்று சாய்கோடு போட்டு இரண்டையும் அச்சிடுவது வழக்கத்தில் இருக்கும் தீர்வு. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அது பரவாயில்லை; தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு வரி இன்னும் நீளமாகி, பொருள் கை நழுவுகிறது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு தாள் அச்சடிப்பதே சரி. அச்சுச் செலவு அதிகமாகாது, மொத்தப் பிரதிகள் அதே எண்ணிக்கைதான். கூற்றை 'முஜே லக்தா ஹை' (எனக்குத் தோன்றுகிறது) போன்ற அமைப்புக்கு மாற்றினால் வினை பேசுபவரின் பாலைச் சார்ந்து நிற்காது. ஆனால் எல்லாக் கூற்றையும் அதற்குள் திணித்தால் 'இருக்கிறேன்' என்பது 'இருப்பதாகத் தோன்றுகிறது' என்று நீர்த்துப்போகும். 'மைனே மஹ்சூஸ் கியா' (நான் உணர்ந்தேன்) என்று இறந்தகாலத்தில் சொல்வதும் பால் பிரச்சினையைத் தீர்க்கும். தக்கனியில் அந்த 'நே' பெரும்பாலும் வருவதில்லை, ஆகவே அதையும் பிள்ளைகளிடம் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது விடைக் கட்டங்கள். எங்கள் பார்வையில் மிகப் பெரிய சேதம் இங்கேதான். உருது வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கூற்று உளநலக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 0 முதல் 25. அதை 4ஆல் பெருக்கினால் 0 முதல் 100. ஒரு பிள்ளை உற்சாகமாக இருக்கிறாள், கூட்டுத்தொகை 20, குறியீடு 80. அவள் வலப்பக்கம் முதலில் இருக்கும் கட்டத்தை 'எப்போதும்' என்று படித்துக் குறித்திருக்கிறாள். விவரம் பதிபவர் இடமிருந்து வலமாக எண்ணிப் பழகியவர். கையில் இருப்பது தமிழ்த் தாளுக்கான விடைக்குறிப்பு. ஒவ்வொரு விடையும் தலைகீழாகப் பதிவாகிறது. 20 என்பது 5 ஆகிறது, 80 என்பது 20 ஆகிறது. 28க்குக் கீழே போனால் மனச்சோர்வுக்கான சோதனை தேவை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நன்றாக இருக்கும் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறுகிறது. அதைவிட மோசம், உண்மையிலேயே உடைந்துபோயிருக்கும் பிள்ளை 80 வாங்கிப் பட்டியலிலிருந்து காணாமல் போகிறாள்.

இந்தத் தவறு உங்கள் புள்ளிவிவரச் சோதனையில் மாட்டாது. ஐந்து கூற்றுகளும் நேர்மறையானவை. எல்லாம் ஒன்றாகத் தலைகீழானால் கூற்றுகளுக்கு இடையே உள்ள உறவு கொஞ்சமும் மாறாது. கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா எவ்வளவு வரவேண்டுமோ அவ்வளவே வரும். 0.80 வந்தது, தாள் நம்பகமானது என்று அறிக்கையில் எழுதிவிடலாம். தடுக்கும் வழி எளிது: ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எண்ணை அச்சிடுங்கள், பதிபவர் கட்டத்தின் இடத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பதியட்டும், தாள்களில் பத்தில் ஒன்றை உருது படிக்கத் தெரிந்த இன்னொருவர் மறுபடியும் பதிந்து ஒப்பிடட்டும். உருது எண் வடிவங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கமில்லை. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பார்க்கும் எண் வடிவத்தையே போடுங்கள்.

எவ்வளவு அடிக்கடி என்பதைக் குறிக்கும் சொற்களிலும் சிக்கல் இருக்கிறது. 'அரிதாக' என்பதற்கு ஏட்டு உருதுத் தாள்களில் வரும் 'ஷாஸ்-ஓ-நாதிர்' எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத சொல். 'பாஸ் அவ்காத்' (சில நேரங்களில்), 'கபீ கபார்' (எப்போதாவது) இரண்டையும் அடுத்தடுத்த கட்டங்களில் வைத்தால் எது அதிகம், எது குறைவு என்பதில் பிள்ளைகள் ஒத்துப்போவதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். விடைக் கட்டங்களின் சொற்களை ஆளுக்கொரு துண்டுச்சீட்டாக எழுதி, பத்துப் பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுத்து, குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு மேல் மாற்றி அடுக்கினால் அந்தச் சொற்கள் உதவாது.

அச்சில் ஒரு சின்ன விஷயம். நஸ்தலீக் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் பி.டி.எஃப். அனுப்பினால், ஜெராக்ஸ் கடைக் கணினியில் அது வேறு எழுத்துருவுக்கு மாறிவிடுகிறது, சில நேரம் எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பார்ப்பது நஸ்தலீக். 16 புள்ளிக்குக் குறையாத எழுத்தும் நல்ல வரி இடைவெளியும் வேண்டும்.

எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது இதைவிட ஆழமான கேள்வி. பல துறைகளில் பழக்கத்தின் காரணமாக எடுக்கப்படுவது கரோல் ரிஃப் 1989இல் வகுத்த உளவியல் நல்வாழ்வு அளவுகோல். தன்னாட்சி, சூழலை ஆளும் திறன், தனிமனித வளர்ச்சி, பிறரோடு நல்லுறவு, வாழ்வின் நோக்கம், தன்னை ஏற்றல் என ஆறு கூறுகள். 84, 54, 42, 18 கூற்றுகள் கொண்ட வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. அது பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. நேரம் குறைவு என்று 18 கூற்று வடிவத்தை எடுத்தால் ஒரு கூறுக்கு மூன்றே கூற்று. அதன் உள் ஒத்திசைவு ஆங்கிலத்திலேயே பலவீனம். கூற்றுகளில் ஏறக்குறையப் பாதி எதிர்மறை வாக்கியங்கள். 'எனக்கு இல்லை' என்ற கூற்றுக்கு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று பதில் சொல்வதற்கு இரட்டை எதிர்மறையை மனதில் அவிழ்க்க வேண்டும். படிப்பதே சிரமமாக இருக்கும் பிள்ளை அங்கே தவறிவிடுகிறது. எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் ஆறு கூறுகளுக்குப் பதில் 'நேர்மறைக் கூற்றுகள்', 'எதிர்மறைக் கூற்றுகள்' என்று இரண்டு கட்டு வந்து நின்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஸ்.டி.க்யூ.வில் 'பிறர் சொன்னபடி நடப்பேன்' என்று குறிக்கும் பிள்ளைக்கு நடத்தைச் சிக்கல் மதிப்பெண் குறைகிறது, அதாவது நல்லது. ரிஃப் அளவுகோலின் தன்னாட்சிக் கூறில் பிறர் கருத்துக்கு இணங்குவது மதிப்பெண்ணைக் குறைக்கிறது, அதாவது கெட்டது. பெரியவர்களோடு கூட்டுக்குடும்பத்தில் வளரும், அவர்களிடம் கேட்டு முடிவெடுப்பதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் 15 வயதுப் பெண் ஒரு தாளில் நலமானவள், இன்னொரு தாளில் நலம் குறைந்தவள். எதை நம்பி அவளை ஆலோசகரிடம் அனுப்புவீர்கள்?

வளரிளம் பருவத்தினருக்காகவே எழுதப்பட்டவை இருக்கின்றன. 2016இல் வந்த எபாக் அளவுகோலில் 20 கூற்றுகள்: ஈடுபாடு, விடாமுயற்சி, நம்பிக்கை, பிணைப்பு, மகிழ்ச்சி என ஐந்து கூறுகளுக்கு நான்கு நான்கு. கோரி கீஸின் மனநலத் தொடர்ச்சி அளவுகோலின் குறு வடிவத்தில் 14 கூற்றுகள், மூன்று உணர்ச்சி நலன், ஐந்து சமூக நலன், ஆறு உளவியல் நலன். 12 வயதிலிருந்து பயன்படுத்தலாம். இரண்டிலும் எல்லாக் கூற்றும் நேர்மறை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடும் பழக்கத்தை இவற்றால் பிடிக்க முடியாது என்பது உண்மையான குறைதான். எதிர்மறைக் கூற்றுகளின் குழப்பத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குறையை ஏற்கலாம் என்பது எங்கள் முடிவு. இந்தப் பிள்ளைகள் நலமாக இருப்பதைப் பற்றிப் பேசும்போது சொல்லும் 'சுகூன்' (மன அமைதி), தொழுகை, வீட்டின் 'இஸ்ஸத்' (மானம்) ஆகியவை இந்தத் தாள்கள் எதிலும் இல்லை. அவற்றைப் பற்றி நாலைந்து கூற்றுகள் சேர்ப்பது நல்லது. ஆனால் தனிப் பகுதியாக, மொத்த மதிப்பெண்ணில் கலக்காமல்.

வெட்டுப்புள்ளிகளைப் பற்றி. எஸ்.டி.க்யூ. சுயமதிப்பீட்டில் 20 முதல் 40 வரை வாங்கினால் 'இயல்புக்கு மாறானது' என்ற பட்டை. அந்தக் கோடு பிரிட்டனில் சமூக மாதிரியில் சுமார் பத்து விழுக்காட்டுப் பிள்ளைகள் அதற்கு மேல் வரும்படி போடப்பட்டது. அங்கே போட்ட கோட்டை ஆம்பூரில் வைத்து 'எங்கள் பள்ளிகளில் இத்தனை விழுக்காடு' என்று எண்ணுவதற்குப் பொருளே இல்லை. உள்ளூர் அளவு தெரியாதவரை மதிப்பெண்ணை மதிப்பெண்ணாக மட்டும் சொல்லுங்கள், பட்டை ஒட்டாதீர்கள்.

தமிழ்வழி, உருதுவழி ஒப்பீட்டுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒரு கடையின் படி கொஞ்சம் பெரிது, இன்னொரு கடையின் படி கொஞ்சம் சிறிது என்றால் 'பத்துப் படி' என்ற எண்ணை வைத்து யாரிடம் அரிசி அதிகம் என்று சொல்ல முடியாது. இரண்டு மொழித் தாள்களும் ஒரே படிதானா என்று பார்ப்பதற்குத்தான் அளவீட்டு மாறாமைச் சோதனை. கூறுகளின் அமைப்பு ஒன்றா, கூற்றுகளின் சுமை (கூறோடு உள்ள பிணைப்பின் வலு) ஒன்றா, கூற்றுகளின் தொடக்க மட்டம் ஒன்றா என்று மூன்று படிநிலை. மூன்றாவதையும் தாண்டினால்தான் சராசரிகளை ஒப்பிடலாம். ஒவ்வொரு படிநிலையிலும் மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. குறியீடு 0.01க்கு மேல் இறங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பது 2002 முதல் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒரு மொழிக்குக் குறைந்தது 200 பிள்ளைகள் வேண்டும். எங்கள் கைக்கு வந்த அறிக்கைகள் எதிலும் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நாள் பார்ப்பதும் அளவீட்டின் பகுதிதான். இந்த ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது, பொதுத்தேர்வும் அப்போதுதான். ஐந்து கூற்றுக் குறியீடு கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது. அதில் ஒன்று சுறுசுறுப்பைப் பற்றியது, ஒன்று தூங்கி எழும்போது புத்துணர்வாக இருந்ததா என்பது. சஹருக்காக விடியுமுன் எழுந்து, பகல் முழுக்க நோன்பிருக்கும் பிள்ளை இந்த இரண்டிலும் இரண்டிரண்டு மதிப்பெண் குறைத்துக் குறித்தால் கூட்டுத்தொகை 15 என்பது 11 ஆகும். குறியீடு 60இலிருந்து 44க்கு இறங்கும். 50க்குக் கீழ் என்றால் உளநலன் குறைவு. அந்தப் பிள்ளையிடம் மாறியது தூக்க நேரம் மட்டும்தான்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

இப்போதைய தாளை உருது பேசும் மாணவர்களிடம் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே அனுப்பிய அறிக்கைகளில் மொழிவாரி ஒப்பீட்டைத் திரும்பப் பெற்று, அதை எழுத்தில் பள்ளிகளுக்குத் தெரிவியுங்கள். 'உளநலன் குறைந்த மாணவர்' பட்டியல்கள் பள்ளிப் பதிவேடுகளில் தங்கியிருந்தால் அவற்றை அழிக்க ஆணையிடுங்கள். மதிப்பெண் தலைகீழாகப் பதிவாகியிருக்க வாய்ப்புள்ளதால், அழிக்கும் முன் மூலத்தாள்களை உருது தெரிந்தவரைக் கொண்டு ஒருமுறை சரிபாருங்கள். உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை விடுபட்டிருக்கலாம்.

மொழிமாற்றத்தை முறையாகச் செய்யுங்கள். மூலத்திலிருந்து உருதுவுக்கு மொழிபெயர்க்க இருவர், தனித்தனியாக. அவர்களில் ஒருவராவது இந்த ஊர்களில் வளர்ந்து வீட்டில் தக்கனி பேசுகிறவர். இரண்டையும் ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்க்காத இருவர் அதை மீண்டும் மூலமொழிக்குக் கொண்டுபோகும் மீள்மொழிபெயர்ப்பு. பிறகு உருது ஆசிரியர், உளவியலர், பள்ளி ஆலோசகர், அளவீடு தெரிந்தவர் கொண்ட குழு கூற்றுக் கூற்றாகப் பேசி முடிவெடுக்கட்டும், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதி வைக்கட்டும். உரிமை உள்ள அளவுகோல்களுக்கு முன்அனுமதி வாங்குங்கள். மீள்மொழிபெயர்ப்பு மூலத்தோடு பொருந்திவிட்டது என்பதாலேயே பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லுக்குச் சொல் வைத்த மோசமான மொழிபெயர்ப்புதான் மிக அழகாக மீளும்.

அதனால் பிள்ளைகளோடு தனித்தனி நேர்காணல் அவசியம். 11–13, 14–17 என இரு வயதுப் பிரிவு. ஒவ்வொன்றிலும் ஆண், பெண். நஸ்தலீக் சரளமாகப் படிப்பவர், தடுமாறுபவர். ஒரு பிரிவுக்கு மூன்று பேர் என்றால் மொத்தம் 24. ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று கேள்வி போதும்: உன் வார்த்தையில் சொல், இதைப் படித்ததும் என்ன நினைவுக்கு வந்தது, ஏன் பக்கத்துக் கட்டத்தைக் குறிக்கவில்லை. பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை, அதன் பின்னரே காரணிப் பகுப்பாய்வுக்கு 300 பேர், உறுதிசெய்ய வேறொரு 300 பேர். 50 பேரிடமாவது இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்துப் பாருங்கள்.

எந்த மொழித் தாள் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். எந்த மொழியில் படிப்பது எளிது என்று கேட்டு, நான்கு வரிப் பத்தி ஒன்றைப் படிக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுத்துச் சிரமம் உள்ளவர்களுக்கு, சரிபார்க்கப்பட்ட வாசகத்தை உள்ளூர்க் குரலில் பதிவுசெய்து எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒலிக்கவிடுங்கள். வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது. பெண்கள் பள்ளிக்குப் பெண் களப்பணியாளர்கள். தாளில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். பெயரோடு இணைக்கும் பட்டியல் பள்ளிக்கு வெளியே, ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். ரமலானையும் தேர்வுக் காலத்தையும் தவிர்த்து ஜூலை, ஆகஸ்டில் வையுங்கள்.

நெறிமுறைக் குழுவினரிடம் தனியாக ஒன்று: பெற்றோர் ஒப்புதல் படிவமும் பிள்ளையின் இசைவுப் படிவமும் அவர்கள் படிக்கும் மொழியில் இல்லாத எந்த விண்ணப்பத்தையும் ஏற்காதீர்கள். மொழிமாற்றச் சான்றையும் விண்ணப்பத்தோடு கேளுங்கள்.

கடைசியாக, குறைந்த மதிப்பெண் வரும் பிள்ளையோடு யார் பேசப்போகிறார்கள் என்பது தாள் கொடுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஐந்து கூற்றுக் குறியீட்டில் 28க்குக் கீழ் வந்தால் அன்றோ மறுநாளோ அவளோடு உருதுவில் பேசத் தெரிந்த ஆலோசகர் ஒருவர் வேண்டும். இன்று பல பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லை. உதவி எண்களான 14416, 1098, 104 தாளின் அடியில் உருதுவிலும் தமிழிலும் அச்சாகியிருக்க வேண்டும், அதைக் கிழித்து எடுத்துப் போகும்படி. வட்டத்துக்கு ஒருவராவது உருது தெரிந்த ஆலோசகரை நியமிக்கும்வரை பெயரோடு இணைக்கும் எந்தக் கணக்கெடுப்புக்கும் அனுமதி தராதீர்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். நேர்காணல்களுக்கும் மொழிபெயர்ப்புக் குழுவுக்கும் ஆட்கள் தேவையென்றால் ஊதியம் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை ஊர்களின் உருதுவழி, தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள், பள்ளி ஆலோசகர்கள், உளவியல் அளவீட்டுத் துறையினர்